வளவா, வீதியோரமா?

அரியாலையில் வீடு தேடும் இளங் குடும்பங்களிடையே இன்று ஒரு வழக்கு ஓயாது நடந்துகொண்டிருக்கிறது. மாம்பழம் சந்திக்கும் கண்டி வீதிக்கும் அண்மையில் இரண்டு பரப்புக் காணி வாங்கி, மதிலெழுப்பி, மாடிவீடு கட்டுவதா? அன்றி அந்தப் பணத்தையே கொண்டு கிழக்கே கடல்நீரேரிப் பக்கமாகச் சென்று, ஐந்தாறு பரப்பு வளவோடு ஒரு சிறு வீட்டில் வாழ்வதா? கல்யாணப் பேச்சிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் சனசமூக நிலையத்து வாங்கிலும் இதே வழக்கு.

வழக்கிலே இரு கட்சியினர் உளர். ஒரு கட்சிக்குத் தலைவர் காணித் தரகர். "மாஸ்டர், வளவைத் தின்ன முடியுமோ? இடந்தான் விலை. பள்ளிக்கூடம் கிட்ட, ஆசுப்பத்திரி கிட்ட, பஸ் வாசலிலே" என்பது அவர் வாதம். மறு கட்சியிலே ஊர்ப் பெரியவர்களும், ஆடி மாதத்துத் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து போவோரும் இருக்கின்றனர். "முற்றமில்லாத வீடும் ஒரு வீடா? வேப்பமர நிழலும் கிணற்றடியும் இல்லாமற் பிள்ளை வளர்ப்பதா?" என்று அவர்கள் பெருமூச்செறிவர்.

இரு கட்சியாரும் ஒன்றிலே உடன்பட்டு நிற்கின்றனர். வீட்டைத் தெரிவது அவனவன் சொந்தக் காரியம், அவனவன் பணப்பைக்கும் இரசனைக்கும் உட்பட்டது என்பதே அந்த உடன்பாடு. இந்த உடன்பாட்டைத்தான் நாம் மறுக்கிறோம். வளவு தரும் நன்மையும் வீதியோரம் தரும் நன்மையும் தனியொருவன் மதிலுக்குள்ளே பிறப்பவை அல்ல; இரண்டும் பலர் சேர்ந்து ஆக்கியவை, பலர் சேர்ந்து கெடுக்கக் கூடியவை. பிள்ளையின் படிப்பையும் பிள்ளை குடிக்கும் தண்ணீரையும் தராசின் இரு தட்டில் வைத்து ஒன்றை எடு, மற்றதை விடு என்று ஒரு குடும்பத்தைப் பணிக்கும் ஏற்பாடு தவறான ஏற்பாடு. அதற்குள் நின்று எதைத் தெரிந்தாலும் குடும்பம் தோற்கவே செய்யும்.

வளவு என்ற சொல்லைத் தோட்டம் என்றோ முற்றம் என்றோ பெயர்த்துவிட இயலாது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு வீடு வளவின் ஓர் உறுப்பாகவே இருந்து வந்தது. கிணற்றடியிலே குளித்த நீர் வாழைக்கும் கமுகுக்கும் ஓடிற்று. வேலிக்கு நட்ட பூவரசங் கதியாலின் குழை ஆட்டுக்கு உணவாயிற்று. எஞ்சியது வயலுக்குப் பசளையாயிற்று. பனையிலிருந்து ஓலையும் மட்டையும் விறகும் கிழங்கும், தென்னையிலிருந்து கிடுகும், கோடிப்புறத்து முருங்கையிலிருந்து கறியும் வந்தன. கல்யாணப் பந்தலும் செத்தவீட்டுப் பந்தலும் அங்கேயே எழுந்தன. 1980களின் பிற்பாதியிலிருந்து குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழி வெட்டியதும் அந்த வளவிலேதான். 1990இல் மின்சாரமும் ரயிலும் நின்று, பொருளாதாரத் தடை இறுகியபோது, கடையில் இல்லாததை எத்தனையோ வீட்டார் கோடிப்புறத்திலே தேடிக்கொண்டனர். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்டும் வந்தது. அதுவரை உயிரோடிருந்தவர்களில் பலர் அந்த முருங்கைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் வளவைப் பாடுகின்ற நண்பர்களை நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பாடும் அந்த வளவு யாருடைய வளவு?

படலைக்கு உள்ளே இருந்தவன் வேப்பமர நிழலை அனுபவித்தான். அந்த வேலியை அடைத்தவன், பனையேறியவன், தோட்டத்துக்கு நீரிறைத்தவன் எங்கே குடியிருந்தான்? பிறருடைய காணியின் ஒரு மூலையில், கையில் உறுதி ஏதுமின்றி, உடையவரின் ஒரு சொல்லுக்கு அஞ்சிக் குடியிருந்தான். அந்த வளவின் நல்ல கிணற்றிலே வாளியை விட அவன் மனைவிக்கு உரிமை இல்லை. யாரேனும் வந்து அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு அவள் காத்து நின்றாள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிற்று. அதன் பின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஓர் ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது என்பதை நம் மாணவர் மறந்துவிடலாகாது. கிணற்றடியின் குளிர்ச்சியைப் பற்றி எழுதும் எவனும் அந்தக் குடத்தையும் எழுதக் கடமைப்பட்டவன்.

இன்னொன்றும் உண்டு. ஆறு பரப்பு வளவை விடியற்காலையிலே கூட்டிப் பெருக்கி, சருகு அள்ளி, நீர் இறைத்தவள் யார்? வளவின் புகழ் பாடும் ஆண்மக்களுள் விளக்குமாறு பிடித்தவர் எத்தனை பேர்? பாடசாலையிலே ஐந்து மணி நேரம் நின்று கற்பித்து வந்த ஆசிரியை, மாலையிலே வளவோடும் மல்லுக்கட்ட வேண்டுமென்று கணவனும் மாமியாரும் சேர்ந்து தீர்மானிப்பது இரசனை ஆகாது. அது வேலைப் பங்கீடு. அவள் சிறு காணி போதும் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரு நியாயமுண்டு.

ஆகவே பழைய வளவை அப்படியே மீட்கும் ஆசை நமக்கில்லை. எனினும் அதன் இடத்திலே இப்போது எழுவதைப் பார்த்து மகிழவும் முடியவில்லை.

வளவு சிதைந்ததற்கு நகர மோகம் ஒன்றையே காரணமாகச் சொல்வது மேம்போக்கு. முதற் காரணம் சீதனம். பன்னிரண்டு பரப்பு வளவுடைய தகப்பனுக்கு மூன்று பெண்கள் என்றால் தலைக்கு நான்கு பரப்பு; அவர்களின் பெண்களுக்கு இரண்டு; அடுத்த தலைமுறைக்கு ஒன்று. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய எளிய வகுத்தல் இது. இரண்டாவது காரணம் வெளிநாட்டுப் பணம். அது வீதியோரத்துக் காணியின் விலையை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டது. மூன்றாவது, போர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கண்டி வீதி வழியே, அரியாலையைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். 2000ஆம் ஆண்டிலே கிழக்கு அரியாலையே போர்முனையாயிற்று. திரும்பி வந்தவர்களுட் பலருக்கு வளவு இருந்தது, வீடு இல்லை. வீடு கட்ட வளவின் ஒரு துண்டை விற்க வேண்டியதாயிற்று. துண்டு துண்டாகப் போனதற்கு இவர்களைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை.

துண்டான காணியிலே என்ன நடக்கிறது என்பதே கேள்வி. இங்கே நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். தரகரும் சொல்லாத, பெரியவர்களும் சொல்லாத கணக்கு அது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் வடகீழ்ப் பருவத்திலே பெய்கிறது. அந்த நீர் வெடிப்பும் குடைவும் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமானால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட விதி. இதன் மறுபக்கம் என்ன? மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவர் ஏறி வரும். கடல்நீரேரியை அண்டிய அரியாலைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கிழக்கே செல்லச் செல்லக் கிணறு உவர்ப்பதை நாவே சொல்லும். எனவே மலிவு விலைக்குக் கிடைக்கும் ஆறு பரப்பு வளவு என்று மகிழுமுன், அந்த வளவின் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பது நல்லது. அதுவும் மாரியிலே அன்று, ஆவணியிலே.

வீதியோரத்து இரண்டு பரப்பின் கதை வேறு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. சதுரமான காணியென்று கொண்டால் பக்கத்துக்கு ஏறத்தாழ 74 அடி. இதற்குள்ளே வீடு, வாகனக் கொட்டகை, கிணறு, மலசலகூடக் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெடிப்புள்ள சுண்ணக்கல்லிலே அதுவும் போதுமென்று உறுதி கூற முடியாது. முன்மூலையிலே கிணற்றையும் எதிர்க்கோடியிலே குழியையும் வைத்தால் உன் காணிக்குள்ளே இடைவெளி தாராளமாக இருக்கும். வரைபடம் நிறைவேறும், கையெழுத்தும் கிடைக்கும். ஆனால் மதிலுக்கு அப்பால் என்ன? அயலவன் தன் வசதிக்கு உன் கிணற்றுப் பக்கமாகவே தன் குழியை வெட்டினால் இடைவெளி பத்தடியோ பதினைந்தடியோதான். மதில் மனிதனை மறைக்கும். நிலத்தடி நீருக்கு மதில் தெரியாது.

அயலார் நால்வரும் கூடிப் பேசி, எல்லார் கிணறும் ஒரே திசை முன்மூலையிலும் எல்லார் குழியும் ஒரே திசைப் பின்மூலையிலும் அமைய வேண்டுமென்று முடிவுசெய்தால், அதே இரண்டு பரப்பிலும் ஐம்பதடியைக் காக்கலாம். கூடிப் பேசாவிட்டால் நான்கு பரப்பிலும் காக்க முடியாமற் போகலாம். ஒரு பரப்பாகத் துண்டாடினாலோ பக்கத்துக்கு 52 அடியே எஞ்சும். அங்கே பேசியும் பயனில்லை. குடிநீர்க் கிணற்றையும் உறிஞ்சு குழியையும் அந்த அளவிலே சேர்த்து வைப்பது, தன் வீட்டுக் கழிவைத் தானும் அயலவனும் மாறி மாறிக் குடிப்பதற்குச் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகவே முடியும்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் பாற்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைத் தாங்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இந்த வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கண்டுள்ளனர். தோட்டங்களுக்கு இடும் இரசாயனப் பசளைக்கு இதிற் பெரும் பங்குண்டு; நெருங்கிக் கட்டிய வீடுகளின் குழிகளுக்கும் பங்குண்டு. இடம் கிட்ட என்று வாங்கிய வீட்டில் வாழும் குடும்பம் குடிநீரைப் போத்தலிலும் பவுசரிலும் விலைக்கு வாங்குகிறது. பஸ்ஸுக்கு மிச்சம் பிடித்த காசு தண்ணீருக்குப் போகிறது. தரகர் தம் கணக்கில் இந்தச் செலவைச் சேர்ப்பதில்லை.

இதிலே அரியாலைக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் அதற்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை வகுத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகட்டிக் கடலுக்குப் போகும் மழைநீரைத் தடுப்பது அதன் சாரம். அரியாலை அணை எழுந்தது. தொண்டைமானாற்று அணையும் எழுந்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. அணையின் கதவுகள் கவனிப்பாரற்றுப் பழுதடைந்தன. கடல்நீரேரியில் உவர் குறைந்தால் சுற்றியுள்ள ஆயிரமாயிரம் கிணறுகளிலும் உவர் குறையும் என்பது அந்தத் திட்டத்தின் உட்கிடக்கை. அதாவது, கிழக்கு அரியாலையின் ஆறு பரப்பு வளவிலே வாழ முடியுமா என்ற கேள்விக்கு விடை அந்த வளவுக்குள்ளே இல்லை; உப்பாற்று வாயிலே, ஓர் அணையின் கதவிலே இருக்கிறது. பல்லாண்டு கழித்து, இரணைமடு நீர் பற்றிய தகராறுகளெல்லாம் ஓய்ந்து, 2024இல் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மழைநீரைக் கடலுக்கு விட்டுவிட்டுக் கடல்நீரைக் காய்ச்சாத குறையாக வடித்தெடுக்கிறோம். வரவேற்கிறோம்; வேறு வழியில்லாத இடத்து அதுவும் வேண்டும். ஆனால் மலிவான வழி கண்முன்னே துருப்பிடிக்கக் கிடந்ததென்று சொல்லாதிருக்க முடியவில்லை.

நீரின் கதை இதுவென்றால், இடத்தின் கதை என்ன? வீதியோரத்துக் காணிக்கு ஏன் அந்த விலை? மண்ணிலே பொன் விளைகிறதா? இல்லை. பாடசாலை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், கச்சேரி, சந்தை, பஸ் நிலையம் அத்தனையும் ஓரிடத்தே குவிந்திருப்பதால் அதை அண்டிய மண் விலையேறுகிறது. அந்த நிறுவனங்களைக் கட்டியது யார்? மக்களின் வரிப்பணம். விலையேற்றத்தை எடுத்துக்கொள்வது யார்? காணியை வைத்திருந்தவனும் தரகனும். பொது உழைப்பால் ஏறிய விலையை, அந்த உழைப்பிலே பங்குகொண்ட ஆசிரியனே முப்பதாண்டுக் கடனெடுத்துத் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது.

பாடசாலையைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே பேசுவோம், படிப்பவர்கள் ஆசிரியர்கள். அரசாங்கப் பாடசாலைகளின் முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான சுற்றறிக்கை, பல ஆண்டுகளாக இடங்களிற் பாதியைப் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு ஒதுக்கி வந்திருக்கிறது. வசிப்பை நிறுவ வாக்காளர் இடாப்புக்கும் காணியுறுதிக்கும் புள்ளிகள் உண்டு. சொந்த உறுதி காட்டுபவன் பெறும் புள்ளியை வாடகைக்கு இருப்பவன் பெறுவதில்லை. வீட்டுக்கு அதனினும் கிட்டிய வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறைகிறது. நியாயமான ஏற்பாடுபோலத் தோன்றுகிறதல்லவா? பாடசாலைகள் எல்லாம் சமமாயிருந்தால் நியாயம்தான். சமமில்லாத இடத்து இந்தச் சுற்றறிக்கை, இலவசக் கல்வியின் வாசலிலே காணியுறுதியைக் காவலாளியாக நிறுத்துகிறது. 1945இல் கன்னங்கரா கல்வியை இலவசமாக்கினார். அதோடு நில்லாது, நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளை நிறுவிப் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளியைக் கொண்டு சென்றார். இன்று நாம் பள்ளியிருக்கும் இடத்துக்குப் பிள்ளையையும், பிள்ளைக்காகக் குடும்பத்தையும், குடும்பத்துக்காகக் கடனையும் கொண்டு செல்கிறோம். ஊர்ப் பாடசாலையிலே மாணவர் குறைய, அதைக் காட்டி ஆசிரியர் குறைய, அதைக் காட்டி மேலும் மாணவர் குறைகின்றனர். அந்தப் பாடசாலையிலே கற்பிக்கும் ஆசிரியரே தம் பிள்ளையை நகரத்திலே சேர்ப்பதற்கு இரண்டு பரப்புத் தேடும் காட்சியை நாம் அறியாதவர்களல்லர். அவரை நோவதற்கில்லை. ஆனால் ஆசிரிய சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்கு வீதிக்கிறங்கிய அளவுக்கு இதற்கு இறங்கியதுண்டா?

நகரமா, நாட்டுப்புறமா என்ற இழுபறியை உலகம் முன்னரே கண்டிருக்கிறது. 1898இல் எபனேசர் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயர் நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் மக்களை இழுக்கும் இரு காந்தங்களாக வரைந்து, இரண்டின் நலமும் சேர்ந்த மூன்றாங் காந்தம் ஒன்றை ஆக்கலாம் என்றார். தோட்ட நகரம் என்பது அதன் பெயர்; 1903இல் லெச்வேர்த்தில் முதலாவது தொடங்கிற்று. அவர் நூலிலிருந்து தோட்டத்தை மட்டும் எல்லாரும் எடுத்துக்கொண்டனர். நிலம் சமூகத்தின் பொதுவுடைமையாக இருக்க வேண்டும், விலையேற்றம் ஊரின் பொதுச் செலவுக்கே போக வேண்டும் என்ற அடிப்படையை வசதியாக மறந்துவிட்டனர். நம்மூரிலும் வீட்டுத்திட்ட விளம்பரங்களிலே பச்சை மரம் தவறாமல் இருக்கிறது.

இவ்விடத்து நம் தோழர்கள் சிலர் குறுக்கிடுவர். வளவும் முருங்கையும் குட்டி முதலாளித்துவ மயக்கம், எங்கெல்சே இதைக் கண்டித்திருக்கிறார் என்பர். எங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியதையும் 1887இல் அதற்கு எழுதிய முன்னுரையையும் படித்தே பேசுகிறோம். ஜெர்மனியின் குடிசைத் தொழிலாளி தன் சிறு தோட்டத்திலே விளைவித்துக்கொள்ளும் உணவின் பெறுமதியை முதலாளி கூலியிலே கழித்துக்கொள்கிறான் என்பதே அவர் காட்டிய உண்மை. அந்த உண்மையை நாம் 2022இல் நம் வீட்டு வாசலிலே கண்டோம். நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்து, அரிசியும் எரிவாயுவும் எட்டாக்கனியானபோது, அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கி, வீட்டுத்தோட்டம் செய்து உணவு பயிரிடுங்கள் என்றது. சம்பளத்தால் வாங்க முடியாததை வளவு தரட்டும் என்பது அதன் பொருள். வளவில்லாதவன் என்ன செய்வான்? ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருந்த இளம் ஆசிரியன் எந்த மண்ணிலே மண்வெட்டியை வைப்பான்? இதை அமைச்சரவை கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் எங்கெல்சின் விமரிசனத்திலிருந்து, தொழிலாளிக்கு மண்ணும் காற்றும் வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலுள்ள பிளவு படிப்படியாக நீங்க வேண்டுமென்று 1848இன் அறிக்கையிலேயே அவரும் மார்க்ஸும் எழுதியிருந்தனர். வளவைச் சாட்டிச் சம்பளத்தைக் குறைப்பதை எதிர்ப்போம். சம்பளத்தைச் சாட்டி வளவைப் பறிப்பதையும் எதிர்ப்போம்.

அப்படியாயின் செய்யத்தக்கது என்ன? வானத்தை வில்லாக வளைக்கும் திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற தொடரை எத்தனையோ முறை கண்டிருப்பர். கிணறு பலருக்குப் பொது. அதற்குப் போகும் வழியும் நீரோடும் வாய்க்காலும் பொது. வளவு பிரிந்தாலும் கிணறு பிரியாதிருக்க நம் முன்னோர் வகைசெய்திருந்தனர். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையும், காணி விற்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டுமென்றது. இவையெல்லாம் சாதிக்குள்ளும் சுற்றத்துக்குள்ளும் காணியைப் பூட்டிவைத்த ஏற்பாடுகள்தாம், ஐயமில்லை. ஆனால் பூட்டை உடைத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். சாதியும் சுற்றமும் பாராத பங்குக் கிணறு இன்று ஏன் முடியாது? நான்கு வீட்டுக்கு ஒரு கிணறு, அதைச் சுற்றிக் கட்டடமில்லாத ஒரு துண்டு, நான்கு வீட்டின் கழிவுக்கும் சேர்த்து அடைத்துக் கட்டிய ஒரே தொட்டி. இதை வரைபடத்தோடு கொண்டுவருபவர்களுக்கு மாநகர சபையும் பிரதேச சபையும் முன்னுரிமை கொடுக்கட்டும். தனித்தனியே கட்டுவோரின் வரைபடத்திலே அயலவன் கிணறும் குழியும் குறிக்கப்பட வேண்டுமென்று கட்டாயப்படுத்தட்டும். ஒரு பென்சிற் கோட்டுக்குப் பணம் செலவாகாது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரியாலையின் எந்த ஒழுங்கையில் நடந்தாலும், துருப்பிடித்த கேற்றுக்குப் பின்னே, பத்துப் பரப்பு வளவிலே மாங்காய் உதிர்ந்து அழுகும் வீடு ஒன்றைக் காணலாம். உரியவர் கடல் கடந்து இருக்கிறார். விற்கவும் மனமில்லை, வாடகைக்கு விடவும் மனமில்லை. பக்கத்து ஒழுங்கையிலே ஒரு குடும்பம் இரண்டறையில் அடைந்து கிடக்கிறது. 1973இல், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு அது வரம்பு கட்டிற்று. பல வாடகைக் குடியிருப்பாளர் வீட்டுக்கு உரியவராயினர். பூட்டிய வீடு என்னும் புதுவகைச் சொத்தை அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். போரிலே ஓடியவரின் வீட்டைப் பறிக்கச் சொல்லும் கொடுமையை நாம் செய்யமாட்டோம். திரும்பி வரும் உரிமை அவருக்குண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்கும் வளவுக்குக் கூடிய வரியும், பாதுகாப்பான உடன்படிக்கையோடு குடும்பமொன்றை இருத்துவோருக்கு வரிவிலக்கும் விதித்தால் பறிப்பு ஆகாது.

அண்மையில் ஓர் இளம் ஆசிரியத் தம்பதி நம்மிடம் யோசனை கேட்டனர். "ஐயா, வளவையா பார்க்கிறது, இடத்தையா பார்க்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. இரண்டையும் பிறகு பாருங்கள், முதலில் மதிலுக்கு அப்பால் அளநாடாவைப் போடுங்கள், தண்ணீரை ஆவணியிலே சோதனைக்குக் கொடுங்கள் என்றோம். பங்குக் கிணற்றின் கதையையும் சொன்னோம். இப்போது அவர்கள் தம்மைப் போன்ற மூன்று குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு நால்வருக்கும் பொதுவாக எட்டுப் பரப்புக் காணி தேடுகிறார்கள். பஸ் போகும் வீதிக்குச் சைக்கிளிற் பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரே துண்டாகக் காணி அரியாலையில் இல்லையென்று தரகர் கையை விரித்துவிட்டார். அவர்கள் மாலைவேளைகளிலே ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று, பூட்டிய கேற்றுகளை எண்ணிக்கொண்டு வருகிறார்கள். சென்ற கிழமை வரையில் பதினேழு.